சென்டர் ஸ்பீக்கர் சரியாகப் பேசவில்லையா? அறிகுறியை வைத்துப் பிழை பிடிக்கும் வழி

5.1 அமைப்பில் நடுவில் நின்று வசனம் பேசுவது சென்டர் ஸ்பீக்கர். வீட்டில் செய்த சென்டர் சரியில்லை என்றதும் பலர் முதலில் வூஃபரை (தாழ்ந்த, நடுத்தர ஒலியைத் தரும் பெரிய ஸ்பீக்கர்) மாற்றப் போகிறார்கள். அது கடைசியாகச் செய்ய வேண்டிய வேலை. டிவி செட்டிங், வைத்திருக்கும் இடம், மாறிப்போன ஒயர், பொருந்தாத கிராஸ்ஓவர் (ஒலியை வூஃபருக்கும் ட்வீட்டருக்கும் பிரித்துக் கொடுக்கும் சர்க்யூட்) என்று அதிகச் செலவில்லாமல் சரியாகிற காரணங்கள் அதற்கு முன்னால் வரிசையாக நிற்கின்றன. ஆகவே சிக்னல், இடம், ஒயர், பெட்டி, கிராஸ்ஓவர், ஸ்பீக்கர் என்ற இதே வரிசையில் பாருங்கள். முந்தையதை முடிக்காமல் அடுத்ததில் கை வைக்க வேண்டாம்.

இங்கே சொல்லும் அளவுகள் சென்னை ரிச்சி தெருவில் உதிரிபாகம் வாங்கிப் பலரும் செய்யும் அமைப்புக்கானவை: 5.25 இன்ச், 8 ஓம் வூஃபர் இரண்டு, நடுவில் 1 இன்ச் டோம் ட்வீட்டர் (கீச்சொலிக்கான சின்ன ஸ்பீக்கர்), அதுவும் 8 ஓம், 18 மி.மீ. பிளைவுட் அல்லது எம்டிஎஃப்பில் துளையில்லாத மூடிய பெட்டி. உள்ளளவு 44 × 16 × 17 செ.மீ., அதாவது 12 லிட்டர். ஆம்ப், டிடிஏ 2030 அல்லது 7294 ஐசி போட்ட அசெம்பிள்டு 5.1 ஆக இருக்கலாம், விலை குறைந்த ஏவி ரிசீவராகவும் (டால்பி டீகோடரும் ஆம்பும் ஒன்றாக உள்ள கருவி) இருக்கலாம். கையில் ஒரு மல்டிமீட்டர், ஒரு பென்சில் செல், ஃபோனில் ஒரு டோன் ஜெனரேட்டர் ஆப், ஒரு ஊதுபத்தி இருந்தால் போதும்.

சென்டரில் சத்தமே வரவில்லை

ஆம்பை ஆஃப் செய்துவிட்டு, இடது ஃப்ரண்ட் ஸ்பீக்கருக்குப் போகும் ஒயரைக் கழற்றி சென்டரில் கொடுங்கள். குறைந்த வால்யூமில் பாட்டு வந்தால் நீங்கள் செய்த பெட்டியில் குறையில்லை. சிக்னல்தான் வந்து சேரவில்லை.

அப்படியானால் முதலில் டிவி. சவுண்ட் செட்டிங்கில் டிஜிட்டல் அவுட்புட் பிசிஎம் என்று இருந்தால் ஆப்டிகல் ஒயர் வழியாக இரண்டு சேனல்தான் வெளியே வரும். அதை பிட்ஸ்ட்ரீம், பாஸ்-த்ரூ, ஆட்டோ என உங்கள் டிவியில் எந்தப் பெயரில் இருக்கிறதோ அதற்கு மாற்றுங்கள். யூடியூபில் பெரும்பாலான வீடியோக்களும் ஃபோனிலிருந்து ப்ளூடூத்தில் வருவதும் எப்படியும் ஸ்டீரியோதான். அவற்றிலிருந்து சென்டரைப் பிரித்தெடுப்பது ஆம்பின் வேலை: ரிசீவராக இருந்தால் ப்ரோலாஜிக் அல்லது டால்பி சர்ரவுண்ட் மோடு, அசெம்பிள்டு ஆம்பாக இருந்தால் பிடி 2323 போன்ற ஐசி உள்ள போர்டில் சர்ரவுண்ட் பட்டன். இந்த போர்டுகள் டால்பியை டீகோட் செய்வதில்லை, ஸ்டீரியோவிலிருந்து ஆறு சேனலை உருவாக்கிக் கொடுக்கின்றன. இரண்டையும் ஒன்றென்று நினைத்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஆம்ப் 5.1 இன்புட்டில் நிற்க, பின்னால் இரண்டு பின் மட்டும் செருகியிருந்தால் ஃப்ரண்ட் மட்டுமே பாடும். ரிசீவரின் ஸ்பீக்கர் மெனுவில் சென்டர் "நன்" என்றிருந்தாலும் வசனம் ஃப்ரண்ட் இரண்டுக்கும் பிரிந்து போய்விடும்.

ஒயரை மாற்றிக் கொடுத்தும் சத்தம் இல்லையா? மல்டிமீட்டரை 200 ஓம் நிலையில் வைத்து சென்டரின் டெர்மினலில் அளந்து பாருங்கள். இரண்டு 8 ஓம் வூஃபரும் இணையாக இருந்தால் 3 முதல் 3.5 ஓம் காட்ட வேண்டும். 6 பக்கம் காட்டினால் ஒரு வூஃபர் சர்க்யூட்டில் இல்லை. டேகில் (வூஃபரில் ஒயர் பற்றவைக்கும் முனை) சோல்டர் விட்டிருக்கும். தொடராக இருந்தால் 12, 13 ஓம் சரி. எதுவுமே காட்டாவிட்டால் ஒயர் எங்கோ துண்டித்திருக்கிறது. 1 ஓமுக்குக் கீழே என்றால் ஷார்ட். அந்த நிலையில் ஆம்பை ஆன் செய்யக் கூடாது. கண்டென்சருக்குப் பின்னால் இருப்பதால் ட்வீட்டர் இந்த அளவீட்டில் தெரியாது. அதைத் தனியாகக் கழற்றித்தான் பார்க்க வேண்டும்.

வசனம் சப்வூஃபரில் கேட்கிறது

சென்டர், சப் இரண்டின் ஆர்சிஏ பின்னும் இடம் மாறியிருக்கிறது. மாற்றிச் செருகினால் முடிந்தது. கம்ப்யூட்டரின் ஆரஞ்சு ஜாக்கிலிருந்து எடுக்கிறவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும், ஏனென்றால் ஒரே 3.5 மி.மீ. பின்னில் இரண்டு சேனலும் வருகின்றன.

சென்டரை இணைத்ததும் ஃப்ரண்டில் ஸ்டீரியோ போய்விட்டது

இடது, வலது இரண்டையும் ஒய்-கேபிளால் நேரடியாகச் சேர்த்து சென்டர் சிக்னல் எடுத்திருப்பீர்கள். இரண்டு சேனலும் அங்கேயே கலந்து மோனோ ஆகிவிடும். ஒவ்வொரு சேனலிலிருந்தும் ஒரு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக எடுத்து, ரெசிஸ்டர்களின் மறுமுனைகளைச் சேர்த்து, அந்தப் புள்ளியை சென்டர் ஆம்பின் இன்புட்டில் கொடுங்கள். கால் வாட் ரெசிஸ்டர் போதும்.

சண்டைக் காட்சி அதிர்கிறது, வசனம் மட்டும் புரியவில்லை

அதிகம் பேர் மாட்டிக்கொள்வது இதில்தான். ஒரே காரணம் இருக்காது. முதலில் சென்டருக்கு அரை மீட்டர் முன்னால் உட்கார்ந்து கேளுங்கள். அங்கே தெளிவாக இருந்து சோஃபாவில் மங்கினால் கோளாறு அறையிலோ வைத்த இடத்திலோ இருக்கிறது. அங்கேயே மங்கலாக இருந்தால் பெட்டியிலோ கிராஸ்ஓவரிலோ.

டிவி ஸ்டாண்டின் தட்டுக்குள் சென்டரைத் தள்ளி வைத்திருந்தால் வெளியே இழுங்கள். பெட்டியின் முகப்பு தட்டின் விளிம்போடு சமமாக, முடிந்தால் ஒரு விரல் கனம் வெளியே நிற்க வேண்டும். உள்ளே தள்ளியிருந்தால் வசனம் தட்டின் அடிப்பலகையில் பட்டு எதிரொலித்து, நேராக வரும் ஒலியோடு மோதும். காதுக்குக் கீழே இருக்கும் சென்டரின் முன்பக்கத்தை இரண்டு ரப்பர் புஷ்ஷால் தூக்கி, ட்வீட்டர் உட்கார்ந்திருப்பவரின் முகத்தைப் பார்க்கும்படி சாய்த்து வையுங்கள். டைல்ஸ் தரையும் வெறும் சுவரும் உள்ள ஹாலில் சென்டருக்கும் சோஃபாவுக்கும் நடுவே ஒரு தடித்த விரிப்பு போட்டாலே வித்தியாசம் தெரியும்.

அடுத்தது லெவல். ரிசீவரின் டெஸ்ட் டோனைப் போட்டு, உட்காரும் இடத்தில் ஃபோன் ஆப்பை வைத்து எல்லா ஸ்பீக்கரும் ஒரே அளவு காட்டும்படி சரிசெய்யுங்கள். ஃபோன் காட்டும் எண் துல்லியமாக இருக்காது, ஒன்றோடொன்று ஒப்பிட அது போதும். அதற்கு மேல் சென்டருக்கு 2 அல்லது 3 டெசிபல் கூட்டிக்கொள்ளலாம். 6, 7 வரை கூட்டினால்தான் வசனம் புரிகிறது என்றால் பிழை வேறெங்கோ இருக்கிறது. கூட்டுவதை நிறுத்திவிட்டு அதைத் தேடுங்கள்.

அப்புறம் பாஸ். 5.25 இன்ச் வூஃபருக்கு 40 ஹெர்ட்ஸைக் கொடுத்தால் கோன் (முன்னால் அசையும் கூம்பு) உள்ளும் புறமும் ஆடுவதிலேயே காலம் கழிக்கும். அதே கோனிலிருந்துதான் வசனமும் வர வேண்டும். ரிசீவரில் சென்டரை "ஸ்மால்" என்று வைத்து மெனுவில் உள்ள கிராஸ்ஓவரை (அதற்குக் கீழே உள்ள பாஸ் சப்புக்குப் போகும் எல்லை) 80 அல்லது 100 ஹெர்ட்ஸில் நிறுத்துங்கள். அசெம்பிள்டு ஆம்பில் அந்த மெனு இருக்காது, ஆனால் சில ரூபாயில் அதே வேலையைச் செய்துவிடலாம். டிடிஏ 2030, 7294 போர்டுகளில் இன்புட்டில் ஒரு கண்டென்சரும், அதற்கு அடுத்து கிரவுண்டுக்குப் போகும் 22 கிலோ ஓம் ரெசிஸ்டரும் இருக்கும். சென்டர் சேனலில் மட்டும் அந்தக் கண்டென்சரை எடுத்துவிட்டு 0.068 மைக்ரோ ஃபாரட் பாலியெஸ்டர் போடுங்கள். சுமார் 106 ஹெர்ட்ஸிலிருந்து பாஸ் இறங்கத் தொடங்கும். 0.1 போட்டால் 72 ஹெர்ட்ஸ். ரெசிஸ்டர் வேறு மதிப்பாக இருந்தால் கணக்கும் மாறும், போர்டைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

இத்தனையும் செய்து, பக்கத்தில் உட்கார்ந்தாலும் குரல் அமுங்கியே இருந்தால் ரெடிமேட் கிராஸ்ஓவரைச் சந்தேகப்படுங்கள். கடையில் கிடைக்கும் டூ-வே போர்டுகள் பல, 8 ஓம் வூஃபர் ஒன்றுக்குக் கணக்கிட்டவை. 3 கிலோஹெர்ட்ஸில் பிரிக்க 8 ஓமுக்கு 0.85 மில்லி ஹென்ரி காயிலும் (கம்பிச்சுருள்) 3.3 மைக்ரோ ஃபாரட் கண்டென்சரும் தேவை. நீங்களோ இரண்டு வூஃபரை இணையாகக் கொடுத்து 4 ஓம் ஆக்கியிருக்கிறீர்கள். அதே போர்டில் இப்போது வூஃபர் 800 ஹெர்ட்ஸ் பக்கமே இறங்கத் தொடங்கிவிடும், ட்வீட்டரோ 3 கிலோஹெர்ட்ஸில்தான் வந்து சேரும். நடுவில் விழும் பள்ளம்தான் எழுத்துகள் பிரிந்து கேட்க வேண்டிய பகுதி. வூஃபர் பக்கத்தை 4 ஓமுக்கு மாற்றுங்கள்: காயில் 0.42 மில்லி ஹென்ரி, கண்டென்சர் 6.8 மைக்ரோ ஃபாரட். ட்வீட்டர் பக்கம் 3.3 மைக்ரோ ஃபாரட், 0.85 மில்லி ஹென்ரி அப்படியே இருக்கட்டும். இந்த வகையில் ட்வீட்டரின் ப்ளஸ், மைனஸை மாற்றிக் கொடுக்க வேண்டும். சரிதானா என்று பார்க்க 3 கிலோஹெர்ட்ஸ் டோனை மெதுவாக ஓட்டி, ட்வீட்டரை இரண்டு விதமாகவும் கொடுத்துக் கேளுங்கள். எதில் சத்தம் கூடுகிறதோ அதுதான் சரியான இணைப்பு.

நடுவில் உட்கார்ந்தால் நன்றாக இருக்கிறது, ஓரத்தில் மங்குகிறது

இது வூஃபர்-ட்வீட்டர்-வூஃபர் என்று படுக்கையாக வைக்கும் எல்லா சென்டரிலும் உண்டு, விலை உயர்ந்தவற்றிலும்கூட. வூஃபர்களின் மையங்கள் 26 செ.மீ. தள்ளி இருப்பதாக வைத்துக்கொள்வோம். 30 டிகிரி பக்கவாட்டில் உட்கார்ந்தவருக்கு ஒரு வூஃபர் மற்றதைவிட 13 செ.மீ. தூரத்தில் இருக்கும். 13 செ.மீ. என்பது சுமார் 1300 ஹெர்ட்ஸ் அலையின் பாதி நீளம். அந்த இடத்தில் இரண்டு வூஃபரும் ஒன்றையொன்று அழித்துவிடும்.

கிராஸ்ஓவரை எவ்வளவு நோண்டினாலும் இது முழுதாகப் போகாது, வடிவத்திலேயே இருக்கிறது. மூன்று வழி உண்டு. இடம் இருந்தால் பெட்டியை நிமிர்த்தி நிறுத்துங்கள். பிரச்சினை பக்கவாட்டிலிருந்து மேல்-கீழாகத் திரும்பிவிடும், அங்கே யாரும் உட்காரவில்லை. நிமிர்த்த முடியாவிட்டால், ஒரு வூஃபருக்கு மட்டும் கூடுதலாக 2 மில்லி ஹென்ரி காயில் ஒன்றைத் தொடராகப் போடுங்கள். 640 ஹெர்ட்ஸுக்கு மேல் அந்த வூஃபர் மெல்ல ஒதுங்கும், வசனத்தின் மேல்பகுதியை ஒரே வூஃபர் சொல்லும். அப்போது அந்தப் பகுதியின் சத்தமும் இறங்கும் என்பதால் ட்வீட்டரையும் குறைக்க வேண்டி வரலாம். மூன்றாவது, இனிமேல்தான் மரம் அறுக்கப் போகிறவர்களுக்கு: ஒரே வூஃபர், அதற்கு நேர் மேலே ட்வீட்டர். பார்க்க அகலமான சென்டர் போல இருக்காது. ஆனால் மூன்று பேர் உட்காரும் சோஃபாவுக்கு இதுதான் சிறந்தது. இரண்டு வூஃபர் வைப்பதில் பாதி அழகுக்காகவே.

குரல் குடத்துக்குள்ளிருந்து வருவது போல இருக்கிறது

44 செ.மீ. நீளப் பெட்டிக்குள் சுமார் 390 ஹெர்ட்ஸில் ஒலி முன்னும் பின்னும் மோதி நிற்கும். அதைக் கொல்ல தலையணைக்குப் போடும் பாலியெஸ்டர் பஞ்சு 100 முதல் 150 கிராம் போதும். நன்றாக உதறிப் பிரித்து, இரு முனைகளிலும் சற்று அதிகமாக நிரப்புங்கள். கட்டியாக அமுக்கித் திணித்தால் பலன் குறையும். இலவம் பஞ்சு ஈரம் இழுக்கும், வேண்டாம்.

பஞ்சு போட்டும் போகாவிட்டால் விரல் மூட்டால் பெட்டியின் மேல்பலகையைத் தட்டுங்கள். "டொங்" என்று நீண்டால் பலகை பாடுகிறது. முகப்புக்கும் பின்பலகைக்கும் இடையே, வூஃபருக்கும் ட்வீட்டருக்கும் நடுவில் 4 செ.மீ. அகலத் துண்டு ஒன்றைத் தாங்கலாக ஃபெவிகால் வைத்து ஒட்டுங்கள். ஓர் இரவு காய வேண்டும்.

காற்றுக்கசிவும் இதே போன்ற குரலைத் தரும். வூஃபர் கோனை நான்கு விரல்களால் ஓரத்தில் சமமாக மெல்ல அமுக்கி விடுங்கள். மெதுவாகத் திரும்பினால் பெட்டி இறுக்கம். சட்டென்று திரும்பினால் கசிகிறது. 50 ஹெர்ட்ஸ் டோனைக் குறைந்த வால்யூமில் ஓட்டி, ஊதுபத்தியை மூட்டுகள், டெர்மினல் கப், வூஃபர் விளிம்பு வழியாக மெல்ல நகர்த்துங்கள். புகை நடுங்கும் இடத்தில் ஓட்டை. மூட்டில் என்றால் ஃபெவிகாலும் மரத்தூளும் பிசைந்து அடைக்கலாம், வூஃபர் விளிம்பில் என்றால் ஃபோம் டேப். அழகுக்காகப் பின்னால் போர்ட் குழாய் வைத்திருந்தால் ஒரு துணியை உருட்டி அடைத்துக் கேளுங்கள். ஆண் குரல் தெளிந்தால் அந்தக் குழாயை நிரந்தரமாக மூடிவிடலாம்.

குரலில் சதையே இல்லை, சன்னமாக இருக்கிறது

இரண்டு வூஃபரில் ஒன்று தலைகீழாக இணைந்திருக்கிறது. கிராஸ்ஓவரைக் கழற்றிவிட்டு வூஃபர் டேகில் நேரடியாக பென்சில் செல்லை ஒரு நொடி தொடுங்கள். செல்லின் ப்ளஸ் வூஃபரின் ப்ளஸ்ஸில் படும்போது கோன் வெளியே வர வேண்டும். இரண்டும் ஒரே பக்கம் நகர்கிறதா என்பதுதான் கேள்வி. சிவப்புப் புள்ளியை நம்ப வேண்டாம். ட்வீட்டரில் செல்லை வைக்காதீர்கள்.

சென்டர் முழுவதுமே ஃப்ரண்டுக்கு எதிராக இருந்தால் வசனம் சரியாக இருக்கும், ஆனால் கார் இடமிருந்து வலம் போகும்போது நடுவில் ஒலி காணாமல் போகும். டெர்மினலில் ஒயரை மாற்றினால் சரி.

ச, ஸ வரும்போது காது குத்துகிறது

வூஃபர் இரண்டையும் தொடராகக் கொடுத்தவர்களுக்கு இது வரும். இணையாக இருந்தால் வூஃபர் பக்கம் 6 டெசிபல் கூடுதலாகப் பேசும். தொடரில் அந்த லாபம் இல்லாததால் ட்வீட்டர் முந்திக்கொள்கிறது. கிராஸ்ஓவருக்குப் பின்னால், ட்வீட்டருக்கு முன்னால் 2.2 ஓம் ரெசிஸ்டரைத் தொடராகவும், ட்வீட்டரின் இரு முனைகளுக்குக் குறுக்கே 18 அல்லது 22 ஓமையும் போட்டால் 3 டெசிபல் குறையும். இன்னும் குத்தினால் 4 ஓம் தொடர், 8 ஓம் குறுக்கே. 6 டெசிபல் குறையும். 5 வாட் சிமென்ட் ரெசிஸ்டர் வாங்குங்கள். கண்டென்சருக்கு முன்னால் ஒற்றை ரெசிஸ்டரை மட்டும் செருகுவது சத்தத்தோடு பிரியும் இடத்தையும் நகர்த்திவிடும்.

ட்வீட்டர் அடிக்கடி எரிகிறது

கண்டென்சர் ஒன்றே ஒன்று போட்டிருந்தால் அதன் மதிப்பைப் பாருங்கள். 8 ஓம் ட்வீட்டருக்கு 6.8 மைக்ரோ ஃபாரட் என்றால் 2.9 கிலோஹெர்ட்ஸ், 4.7 என்றால் 4.2, 3.3 என்றால் 6 கிலோஹெர்ட்ஸ். தனிக் கண்டென்சர் மெதுவாகத்தான் வெட்டும் என்பதால் 6.8 ஆபத்து. சாதாரண எலெக்ட்ரோலைட்டிக்கும் ஆகாது, என்.பி. (ப்ளஸ், மைனஸ் பேதம் இல்லாதது) அல்லது பாலியெஸ்டர் வேண்டும். கிடைக்காத ஊரில் இரண்டு 10 மைக்ரோ ஃபாரட்டை மைனஸோடு மைனஸ் சேர்த்துத் தொடராக்கினால் 5 மைக்ரோ ஃபாரட் என்.பி. ஆகிவிடும். இவையெல்லாம் சரியாக இருந்தும் எரிந்தால் சின்ன ஆம்பை முழு வால்யூமில் ஓட்டுகிறீர்கள். அலையின் தலை வெட்டுப்பட்டு வரும் சத்தம் ட்வீட்டருக்கு எமன்.

ஆம்ப் சூடாகி நின்றுவிடுகிறது

4 ஓம் வூஃபர் இரண்டை இணையாகக் கொடுத்து 2 ஓம் ஆக்கியிருந்தால் ஆம்பின் மேல் குற்றமில்லை. 4 ஓம் வூஃபரானால் தொடராகக் கொடுங்கள், 8 ஓம் கிடைக்கும். ரிசீவரின் பின்னால் 6 ஓமுக்குக் குறையக் கூடாது என்று அச்சிட்டிருந்தால் புதிதாக வாங்குகிறவர்கள் இப்படி 4 ஓம் வூஃபர் இரண்டை வாங்கித் தொடராகக் கொடுப்பதே நல்லது. டிடிஏ 7294-ஐ 4 ஓமில் ஓட்டுகிறவர்கள் சப்ளையை ப்ளஸ்-மைனஸ் 27 வோல்ட்டுக்கு மேல் கொண்டுபோக வேண்டாம். ஐசிக்கும் ஹீட் சிங்குக்கும் நடுவே மைக்காவும் பேஸ்ட்டும் இருக்கிறதா என்று பாருங்கள்: 2030, 7294 இரண்டு ஐசியிலும் முதுகுத் தகடு மைனஸ் சப்ளையோடு இணைந்தது, மைக்கா இல்லாமல் சேஸிஸில் தொட்டால் ஷார்ட்.

டிபிஏ 3116 போன்ற கிளாஸ்-டி போர்டுகளில் இன்னொரு பொறி. அவற்றின் ஸ்பீக்கர் மைனஸ், கிரவுண்ட் அல்ல. ஒயரை மிச்சப்படுத்த எல்லா ஸ்பீக்கரின் மைனஸையும் ஒன்றாக முடிந்தால் போர்டு போய்விடும்.

சென்டரில் மட்டும் "ம்ம்ம்" என்ற ஹம்

சென்டரின் ஆர்சிஏவைக் கழற்றி, இன்புட்டின் நடு முனையையும் கிரவுண்டையும் ஷார்ட் செய்யுங்கள். ஹம் நின்றால் கேபிளின் ஷீல்டு விட்டிருக்கிறது. நிற்காவிட்டால் அந்தச் சேனலின் கிரவுண்ட் ஒயரைப் பாருங்கள். எல்லாச் சேனலிலும் வந்தால் சப்ளை கண்டென்சர். இரட்டை சப்ளை ஆம்பில் ஸ்பீக்கரைக் கழற்றி, அவுட்புட்டில் டிசி வோல்ட் அளந்து பாருங்கள். 50 மில்லி வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. வோல்ட் கணக்கில் காட்டினால் ஐசி போய்விட்டது. மாற்றும் வரை ஸ்பீக்கரை இணைக்காதீர்கள், அதன் வாய்ஸ் காயில் (கோனை அசைக்கும் கம்பிச்சுருள்) கருகிவிடும்.

கரகரப்பு, அதிர்வு

டோன் ஆப்பில் 80-லிருந்து 500 ஹெர்ட்ஸ் வரை மெதுவாக ஏற்றிக்கொண்டே போங்கள். ஒரு குறிப்பிட்ட இடத்தில் மட்டும் கரகரத்தால் ஏதோ தளர்ந்திருக்கிறது: கிரில், ஸ்க்ரூ, உள்ளே கோனைத் தொடும் ஒயர், பலகையில் ஒட்டாத கிராஸ்ஓவர். கையால் ஒவ்வொன்றாக அமுக்கினால் அகப்படும். எல்லா இடத்திலும் கரகரத்தால் வூஃபரைக் கழற்றி, கோனை இரு கட்டைவிரலால் சமமாக அமுக்கி, காதை அருகில் வையுங்கள். உரசும் சத்தம் வந்தால் வாய்ஸ் காயில் மேக்னட்டில் தட்டுகிறது. ஸ்க்ரூவை ஒரே பக்கம் இறுக்கியதால் ஃப்ரேம் முறுக்கியும் இருக்கலாம். எதிரெதிராக மாற்றி மாற்றி இறுக்கி மறுபடி பாருங்கள். அப்போதும் உரசினால்தான் ரீகோன் (கோனையும் வாய்ஸ் காயிலையும் மாற்றுவது) அல்லது புது வூஃபர். ரீகோன் செய்வதானால் இரண்டுக்கும் ஒரே கடையில், ஒரே கோனில் செய்யுங்கள்.